மின்னலுக்கு ஒரு குரல்

தறிக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இரகசியம் பேச வராது. பகல் முழுவதும் விசைத்தறிகளின் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிப் பேசிப் பழகியவர்கள், வீட்டுக்கு வந்த பிறகும் அதை இறக்கி வைப்பதில்லை. சங்கரன்கோவிலில் மூக்காண்டி தம் மனைவி முப்பிடாதியம்மாளிடம் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று மெல்லச் சொன்னால், அந்தச் செய்தி அடுத்த தெருவுக்கும் போய்விடும். ஆகவே கூடத்துக்குள்ளே அவசரமான விஷயங்களுக்குக் கைஜாடைதான். நூல் அறுந்தால் ஒரு ஜாடை, ஊடைநூல் சுற்றிய தார் தீர்ந்தால் ஒரு ஜாடை, முதலாளி வருகிறார் என்றால் மூக்கின் மேல் விரலை வைத்து ஒரு ஜாடை.

அப்படி வளர்த்த குரலை மூக்காண்டி மனமுவந்து செலவிட்டது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அது அவர் தெருப் பையன்களின் மின்னல் கபடிக் குழு. இளவட்டமாக இருந்த காலந்தொட்டு அவர் அந்தக் குழுவின் ரசிகர். நீலத்துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, எந்த ஊரில் ஆட்டம் என்றாலும் கயிற்றோரம் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவார்.

மின்னல் குழு பரிசே வாங்கியதில்லை என்று சொல்வது நியாயமாகாது. ஒருமுறை நன்னடத்தைக்காக ஒரு சுவர்க்கடிகாரம் தந்தார்கள். அது மறுவாரமே நின்றுவிட்டது. மற்றபடி அவர்கள் தோற்ற விதங்களைச் சொல்லி மாளாது. ஒரு வருடம் ஜெயிக்கிற நேரத்தில் கேப்டன் சந்தோஷம் தாங்காமல் குதித்து, எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் நின்றான். இன்னொரு வருடம் வாசுதேவநல்லூரில் இறங்க வேண்டியவர்கள் எல்லோரும் பஸ்ஸில் தூங்கிப்போய் ராஜபாளையத்தில் கண் விழித்தார்கள். டீக்கடை முகம்மது மைதீன் ஒவ்வொரு தோல்விக்கும் மறுநாள் காலையில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"என்ன வே மூக்காண்டி, மின்னல் அடிச்சுதா, இல்ல வெறும் மேகமூட்டந்தானா?"

மூக்காண்டி டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். தோல்வி அவருக்குப் பழகிப்போன ஒன்று. அவருக்குப் பழகாமல் இருந்தது தம் சகலை சௌந்தரபாண்டியன்தான்.

சௌந்தரபாண்டியனுக்கு ஊர் கரிவலம்வந்தநல்லூர். முப்பிடாதியம்மாளின் தங்கை கனகலட்சுமியைக் கட்டியவர். மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தார். விடிந்ததும் பைக்கில் பூ மூட்டையைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு வந்து, இறக்கிவிட்டு, சகலை வீட்டில் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு போவார். நல்ல மனிதர். ஆனால் கரிவலத்துச் செவ்வானம் கபடிக் குழு வருடந்தோறும் எங்கேயாவது கோப்பை வாங்கியது. அதையும் மன்னிக்கலாம். சௌந்தரபாண்டியனுக்குக் கபடியில் எந்தக் கோடு எதற்கு என்றே தெரியாது என்பதைத்தான் மூக்காண்டியால் மன்னிக்க முடியவில்லை.

ஆடி மாதத்தின் தொடக்கத்தில் ஒரு நாள் அவர் வந்தார். மேற்கே மலையிலிருந்து இறங்கிய காற்று தெருப்புழுதியை அள்ளி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. முப்பிடாதியம்மாள் இட்லிப் பானையைத் திறந்து மூடுவதற்குள் ஆவியோடு மண்ணும் சேர்ந்துவிடுமோ என்று முந்தானையால் மறைத்துக்கொண்டிருந்தாள். சௌந்தரபாண்டியன் கழுத்தில் புதுச் சிவப்புத்துண்டு.

"கேட்டியளா சகல, நம்ம பயலுவ பருவக்குடியிலயும் கப்பு வாங்கிட்டானுவ. என்னையத்தான் மேடையில ஏத்தி வாங்கச் சொன்னானுவ. நான் தோட்டத்துல தண்ணி பாய்ச்சிட்டு இருந்தவன், அப்படியே சேத்துக் காலோட போயி வாங்கிட்டேன்."

"ஆட்டத்தப் பாத்தியளா?" என்று கேட்டார் மூக்காண்டி.

"எங்கன பாக்க? நான் போகையில முடியப் போகு. ஒரு பய இன்னொரு பயலோட காலப் பிடிச்சான். எல்லாரும் கத்துனானுவ, நானும் கத்துனேன்."

"ஆரு ஆரு காலப் பிடிச்சா? பாடிப் போனவன் காலையா, பிடிக்க நின்னவன் காலையா?"

"அது என்னமோ தெரியல. ஆனா பிடிச்சது செவப்பு பனியன்."

முப்பிடாதியம்மாள் சிரித்துவிட்டாள். மூக்காண்டி இட்லியைப் பிட்டு நசுக்கினார். சேற்றுக்காலோடு போனவன் கையில் கோப்பை. தாம் எத்தனை ஊர்ப் புழுதியைத் தின்றிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு வயிறு எரிந்தது. அந்தச் சமயம் பார்த்துச் சௌந்தரபாண்டியன் வந்த காரியத்தைச் சொன்னார்.

"சகல, கோவிச்சுக்கிடப்பிடாது. நம்ம இசக்கிய இந்த ஒரு டோர்னமெண்டுக்கு எங்க டீமுக்கு அனுப்புங்க."

இசக்கிராஜா மூக்காண்டியின் அக்காள் மகன். அக்காள் இறந்தபின் இந்த வீட்டில் வளர்ந்தவன். மாமாவோடு அதே கூடத்தில், எதிர்த்தறியில் வேலை பார்த்தான். மின்னல் குழுவில் ஆட்டம் என்று சொல்லத்தக்க ஒன்றை ஆடிக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

"அவன் மின்னல் பய" என்றார் மூக்காண்டி. தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

"மெதுவாப் பேசுங்க" என்றாள் முப்பிடாதியம்மாள்.

"மெதுவாத்தானட்டி பேசுதேன்."

"சகல, நான் சொல்லுதத முழுசாக் கேளுங்க. ஆடிக் கடைசியில வாசுதேவநல்லூர்ல ஆட்டம். மதுரையிலருந்து கம்பெனி டீம் ஒண்ணுக்கு ஆள் எடுக்க கோச்சு வாராராம். பிடிச்சுப்போச்சுன்னா வேலையே போட்டுக் குடுப்பாகளாம். ஆனா அந்த மனுசன் ஃபைனலுக்கு மட்டுந்தான் வருவாராம். ஒங்க மின்னல் என்னைக்கு ஃபைனலுக்குப் போயிருக்கு, சொல்லுங்க?"

கேள்வி சரிதான். அதையும் போனஸ் கோடு எதுவென்று தெரியாதவர் கேட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் முப்பிடாதியம்மாள் உளுந்தங்களி கிண்டினாள். இசக்கிராஜாவுக்கு இடுப்புக்கு வலு வேண்டும் என்று வாரந்தோறும் அவள் செய்வது அது. கருப்பட்டிப்பாகு விட்டுக் கிண்டி, தட்டில் வைத்து, நடுவே விரலால் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தாள். மாமனும் மருமகனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"மாமா, நீங்க போவாதன்னா நான் போவல" என்றான் இசக்கிராஜா, களியைப் பார்த்தபடி.

"ஒனக்குப் போவணும்னு இருக்கா?"

"எனக்கு இன்னும் ரெண்டு மூணு வருசந்தான் மாமா. முட்டு இப்பமே வலிக்கி. பொறவு எவன் கூப்பிடுவான்? தறியிலயே கெடக்க வேண்டியதுதான்."

"அவுக கிட்ட என்னத்துக்குக் கேக்க? நான் சொல்லுதேன், போ" என்றாள் முப்பிடாதியம்மாள்.

மூக்காண்டி ஒரு வாய் களியை எண்ணெயில் தொட்டு விழுங்கினார். "போலே. ஆடுதவன் மாறலாம், தப்பில்ல. ஒனக்கு வேல இருக்கு, வயசு இருக்கு. பாக்கவன்தான் மாற முடியாது."

"நீங்களும் வந்து செவப்புப் பக்கம் உக்காருங்க. யாரு வேண்டாங்கா?"

"அப்பொ மின்னலுக்கு எவன்லே கத்துவான்?"

இசக்கிராஜா தட்டை வழித்தான். மூக்காண்டியே மேலே சொன்னார்: "அந்த முழங்காலத் தொடுத பழக்கத்த விட்டுரு. பெரிய ஆளுக பாப்பாக."

அது அந்த வீட்டுக்குள் மட்டுமே இருந்த ஒரு விஷயம். இசக்கிராஜா பாடிப் போகும்போது, பின்புறமாகக் காலை வீசி உதைப்பதற்குச் சற்று முன்னால், அவனையறியாமல் இடது கையால் முழங்காலைத் தொட்டுக்கொள்வான். தொட்டானென்றால் அடுத்தது பின்னுதைதான். எத்தனையோ ஆட்டங்களைக் கயிற்றோரம் இருந்து பார்த்த மூக்காண்டி ஒருவர்தான் அதைக் கண்டுபிடித்திருந்தார். விட்டுவிடுகிறேன் என்று அவனும் ஒவ்வொரு முறையும் சொல்லுவான்.

அதன்பிறகு வந்த நாட்கள் மூக்காண்டிக்கு நல்ல நாட்களாக இல்லை. கொடியில் காயப்போட்ட சிவப்புப் பனியன் ஆடிக்காற்றில் பறந்து அவர் முகத்திலேயே வந்து அடித்தது. கரிவலத்துப் பையன்கள் பைக்கில் வந்து இசக்கிராஜாவைப் பயிற்சிக்கு அழைத்துப் போனார்கள். திரும்பக் கொண்டுவந்து விடும்போது, சௌந்தரபாண்டியன் கொடுத்தனுப்பியதாக ஒரு கூடை நாட்டுமுட்டை வைத்துவிட்டுப் போனார்கள். அதில் பொரித்த முட்டையை மூக்காண்டி தொடவில்லை. மருமகன் இரவல் ஆட்டத்துக்குப் போனதில் கோபமா என்றால், அதுவல்ல. தோற்கிற இடத்திலிருந்து எழுந்து ஜெயிக்கிற இடத்தில் போய் உட்கார அவனுக்கு ஒரு வழி இருந்தது. தமக்கு அது இல்லை என்பதுதான் அவரை அறுத்தது. தாம் வளர்த்த பிள்ளையின்மேல் தமக்கே பொறாமை வருமென்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

மின்னல் குழுவில் இப்போது மிச்சமிருந்தவர்களில் சொல்லிக்கொள்ளத்தக்கவன் நியாஸ் அகமது. செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். இடது மூலையில் நின்று கால் பிடிப்பவன். பெரியவர்களிடம் அவன் காட்டும் மரியாதை ஊரறிந்தது. ஒரு நாள் கடைத்தெருவில் எதிர்ப்பக்கம் பைக்கில் போய்க்கொண்டிருந்தவனை மூக்காண்டி, "ஏலே நியாஸு!" என்று கூப்பிட்டுவிட்டார். அவன் நடுரோட்டிலேயே பிரேக் போட்டு, ஒரு காலை ஊன்றி, "என்ன அண்ணாச்சி?" என்று திரும்பினான். பின்னால் வந்த கரிவலம் பஸ் மூச்சுவிடாமல் ஹாரன் அடித்தது.

"ஓரமா வந்து கேக்கப்பிடாதாலே?"

"நீங்க கூப்பிட்டிய, நிக்காமப் போனா நல்லாவா இருக்கும்?"

"சரி, இசக்கி இல்லாம என்ன செய்யப் போறிய?"

"எப்பவும் போலத்தான் அண்ணாச்சி" என்றான் நியாஸ் கள்ளமில்லாமல்.

எப்பவும் போல நடக்கவில்லை. அதுதான் வேடிக்கை. வாசுதேவநல்லூரில் முதல் ஆட்டத்துக்கு எதிரணி வந்து சேரவேயில்லை. அடுத்ததில் எதிரணியின் முக்கியமான ஆட்டக்காரனுக்குக் கணுக்கால் பிசகியது. அரையிறுதியில், ஜெயிக்கிற நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் சந்தோஷத்தில் குதித்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போனான். மூக்காண்டி தம் கண்களையே நம்பவில்லை. மின்னல் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே செவ்வானம்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சாய்கிற நேரம். கண்மாய்க்கரைக்குக் கீழே செம்மண் கொட்டிச் சமன்செய்த மைதானம். மலைமேல் மேகம் கவிந்திருந்தது. கீழே ஒரு துளி இல்லை, காற்று மட்டும் கண்ணில் மண்ணை வாரிப் போட்டது. வேர்க்கடலையும் சுண்டலும் விற்பவர்கள் தட்டுகளைத் துணியால் மூடிக்கொண்டு அலைந்தார்கள். சிவப்புத்துண்டுக்காரர்கள் வேன்களில் வந்து ஒரு பக்கத்தையே நிறைத்திருந்தார்கள். அங்கே தங்கை கனகலட்சுமியின் அருகில் முப்பிடாதியம்மாளும் உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்புறம், மின்னலின் இடது மூலையை ஒட்டி, மூக்காண்டி நீலத்துண்டோடு உட்கார்ந்தார்.

சௌந்தரபாண்டியன் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினார்.

"சகல, ஒத்தையில இருக்கியளேன்னு வந்தேன். அந்தா, நாக்காலியில தொப்பி போட்டிருக்காரே, அவருதான் கோச்சு. நம்ம இசக்கியப் பாத்துத் தலைய ஆட்டுனாரு. சரி, இதுல எந்தப் பக்கம் நமக்கு?"

"எனக்கு இந்தப் பக்கம். ஒமக்கு அந்தப் பக்கம். போயி இரும் வே."

ஆட்டம் மூக்காண்டி ஆயுளில் கண்டிராத விதமாகப் போயிற்று. நியாஸ் பிடித்த காலை விடவில்லை. இசக்கிராஜா எடுத்த புள்ளிகளையெல்லாம் மின்னல் பையன்கள் எங்கிருந்தோ திரும்ப எடுத்தார்கள். மூக்காண்டியின் குரல் கண்மாய்க்கரையில் மோதித் திரும்பியது. முகம்மது மைதீனை இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. முடிவதற்கு ஒரே ஒரு பாட்டு மிச்சமிருக்கையில் இரண்டு பக்கமும் சரிசமம். செவ்வானம் பாட வேண்டும். முந்தைய இரண்டு பாட்டிலும் வெறுங்கையோடு திரும்பியிருந்ததால், இந்த முறை ஆளைத் தொடாமல் திரும்பினால் பாடி வந்தவனே வெளியே, புள்ளி மின்னலுக்கு. தொட்டுவிட்டால் செவ்வானத்துக்கு. நடுவே வேறு முடிவு கிடையாது.

இசக்கிராஜா நடுக்கோட்டை வணங்கித் தொட்டு, பாடிக்கொண்டு வந்தான். மின்னலில் மூன்று பேர் மிச்சம். இடது மூலையில் நியாஸ் குனிந்து, கைகளை விரித்து நின்றான். தொப்பிக்காரர் நாற்காலி நுனிக்கு நகர்ந்திருந்தார். எதிர்ப்பக்கம் முப்பிடாதியம்மாள் இரண்டு கைகளையும் சேர்த்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இசக்கிராஜா நியாஸுக்கு முதுகைக் காட்டி வலதுபக்கம் போவதுபோல் நடந்தான். அவனுடைய இடது கை தாழ்ந்தது. முழங்காலைத் தொட்டது.

அந்தக் கணத்தில் மூக்காண்டி என்ன நினைத்தார் என்று அவரைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. சேற்றுக்காலோடு வாங்கிய கோப்பை, முகத்தில் அடித்த பனியன், நின்றுபோன சுவர்க்கடிகாரம் எல்லாம் ஒன்றாக எழுந்து தொண்டைக்கு வந்தன. இவன் இப்போது பிடிபட்டால் மின்னல் ஜெயித்துவிடும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை.

"ஏலே நியாஸு! முழங்காலத் தொடுதாம்லே! பின்னால உதைப்பான்!"

வீட்டுக்குள் இருந்த விஷயம் வாசுதேவநல்லூர் முழுவதற்கும் கேட்டது. நியாஸுக்கோ தன் பெயர் மட்டும்தான் கேட்டது. பெரியவர் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். அவன் விரித்த கையோடு, நிமிர்ந்து, கயிற்றோரம் திரும்பினான்.

"என்ன அண்ணாச்சி?"

இசக்கிராஜா பின்னால் உதைக்கவில்லை. ஓர் அடி திரும்பிவந்து, தெருவில் நிற்கிற ஆளைத் தட்டிக் கூப்பிடுகிறவனைப்போல நியாஸின் தோளில் கையை வைத்துவிட்டு, நிதானமாக நடுக்கோட்டைத் தாண்டி நடந்தான்.

சிவப்புத்துண்டுகள் காற்றில் எழும்பின. மூக்காண்டி வாயைத் திறந்தபடியே இருந்தார்; மண் வந்து வாயில் விழுந்தது.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் முப்பிடாதியம்மாள் பெண்கள் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் உளுந்தங்களி கிண்டினாள். இசக்கிராஜாவைச் சௌந்தரபாண்டியன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். மதுரைக்கு அடுத்த வாரமே பயிற்சிக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். அவன் குளித்துவிட்டு வந்து, எப்போதும்போல மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தான். முப்பிடாதியம்மாள் அவன் தட்டில் குழி பறித்து எண்ணெய் ஊற்றினாள். மூக்காண்டியின் தட்டில் களியை மட்டும் வைத்தாள்.

"எண்ணெ?" என்று கேட்டார் மூக்காண்டி. அன்றுதான் அவர் குரல் உண்மையிலேயே மெதுவாக இருந்தது.

"தீந்துபோச்சு" என்றாள் அவள், புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே.

இசக்கிராஜா களியை எண்ணெயில் தொட்டுத் தின்றான். அவனுக்குக் கேட்டிருக்குமா, கேட்டிருக்காதா? மைதானத்தில் அத்தனை சத்தம். கேட்டிருக்காது என்று களியின் ஒவ்வொரு வாயிலும் மூக்காண்டி தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். எண்ணெயில்லாத களி நெஞ்சில் அடைத்தது.

மறுநாள் காலை டீக்கடையில் முகம்மது மைதீன் வழக்கமான கேள்வியைத் தொடங்குவதற்குள் நியாஸ் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தான். முழங்கை சிராய்த்திருந்தது.

"அண்ணாச்சி, நேத்து எதுக்குக் கூப்பிட்டிய?"

மூக்காண்டி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏலே நியாஸுன்னிய. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. என்னன்னு கேக்கதுக்குள்ள அவன் தொட்டுட்டுப் போயிட்டான். ஆட்டம் முடிஞ்சு தேடுனேன், நீங்க பஸ் ஏறிட்டிய. என்ன விசயமோன்னு இருந்துச்சு."

அவன் முகத்தில் குற்றம்சாட்டுகிற குறிப்பு சிறிதும் இல்லை. கூப்பிட்டவருக்கு என்ன அவசரமோ என்ற கவலைதான் இருந்தது.

"ஒண்ணுமில்ல மக்கா. நல்லாப் பிடிலேன்னு சொல்லத்தான்."

"அதான பாத்தேன். பரவாயில்ல அண்ணாச்சி, அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம். சாயங்காலம் எல்லாரும் கூடுதோம். நீங்களும் வந்துருங்க."

முகம்மது மைதீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, என்ன தோன்றியதோ, கேட்க வந்ததைக் கேட்காமல் பாலை ஆற்றத் திரும்பிக்கொண்டார்.

கூடத்தில் தறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. மூக்காண்டி தம் தறியில் தாரை மாற்றி, நூல் கொண்டுபோகும் நாடாவை ஓடவிட்டு, நிமிர்ந்தார். எதிர்த்தறியில் இசக்கிராஜா அறுந்த நூல் ஒன்றை முடிந்துகொண்டிருந்தான். முடிந்துவிட்டு அவனும் நிமிர்ந்தான். இருவருக்கும் நடுவே இரண்டு தறிகளின் பாவுநூலும் அத்தனை சத்தமும் இருந்தன.

இசக்கிராஜா மாமாவை நேராகப் பார்த்தபடி, இடது கையை மெல்லத் தாழ்த்தி, முழங்காலைத் தொட்டான்.

அந்த ஜாடைக்குக் கூடத்தில் வேறு யாருக்கும் பொருள் தெரியாது. அப்படியானால் அவனுக்குக் கேட்டிருக்கிறது. மூக்காண்டி வலது கையை உயர்த்தி, தம் வாயிலேயே பட்டுப்பட்டென்று இரண்டு அடி போட்டுக்கொண்டார்.

இசக்கிராஜா தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். ஒரு சத்தமும் கேட்கவில்லை. பற்கள் மட்டும் தெரிந்தன. மதுரையில் இவனுக்கு யார் களி கிண்டித் தருவார்கள் என்று மூக்காண்டிக்குத் தோன்றியது. எப்படியும் ஜெயித்துக்கொண்டுதான் இருப்பான், பாவி. அதை நினைத்ததும் வயிற்றில் பழைய இடத்தில் லேசாக எரிந்தது.

தார் தீர்ந்து தறி நின்றது. சாயங்காலம் கூட்டத்துக்குப் போகும்போது நீலத்துண்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தபடி, அவர் அடுத்த தாரை எடுத்தார்.